நான்காவது மூலை

என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் எனக்கு எரிச்சல் வரும். பதில் தெரியாமல் இல்லை. பதிலைக் கேட்ட பிறகு எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கைப் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான். எடையில்லாத இடத்தில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பது என் ஆராய்ச்சி. தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில், குழாயில் காற்று மட்டும் வருகிற ஒரு தெருவில் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் மாமியார் சிரிக்கவில்லை. "இங்க குழாய்ல தண்ணி ஏறவே மாட்டேங்கறது. நீ ஆகாசத்துல ஏறற தண்ணியப் பத்திப் படிக்கறயா?" என்று கேட்டுவிட்டு, அடிபம்பில் நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் அப்படி ஒன்றும் வேடிக்கையானது இல்லை. ராக்கெட்டில் எரிபொருள் தொட்டி இருக்கிறது. பூமியில் இருக்கும்வரை எரிபொருள் தொட்டியின் அடியில் சமர்த்தாகக் கிடக்கும், அடியில் குழாய் வைத்தால் இறங்கி வரும். மேலே போய் எடை போய்விட்டால் அடி என்றே ஒன்று கிடையாது. திரவம் தன் இஷ்டத்துக்குச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினுக்குப் போகிற குழாயின் வாய் காய்ந்து கிடக்கும். ஆனால் தொட்டிக்குள் கூரான மூலைகள் இருந்தால், திரவம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஊர்ந்து ஏறும். எவ்வளவு வேகத்தில் ஏறும் என்று தெரிந்துவிட்டால் அதை வேண்டிய இடத்துக்கு வரவழைக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மூலைகளைத்தான். என்னிடம் இருந்த கருவி ஒரு சதுரக் கண்ணாடிக் குழாய். டம்ளர் உயரம், விரல் நுழையும் அகலம், நான்கு மூலை. எது எந்த மூலை என்று தெரிய வெளி விளிம்பில் எண் கீறியிருந்தோம். அடியில் கொஞ்சம் நீலச் சாயம் போட்ட தண்ணீர்.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் படிப்பை விடக்கூடாது என்று வீட்டில் முதலில் சொன்னவர் மாமியார்தான். அவர் பாட்டு டீச்சர். சாயங்காலமானால் கூடத்தில் தம்புராவைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பாடுவார்கள். என் கணவர் வங்கி வேலையில் சேலத்தில் இருந்தார், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். மாமனார் செய்தித்தாளும் தானுமாக இருப்பார். ஆகவே வீடு என்பது பெரும்பாலும் நானும் மாமியாரும்தான். காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து, அடையாறு போகிற பஸ் வருகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பார். என் ஆராய்ச்சியைக் கேலி செய்யும் உரிமை தனக்கு மட்டும்தான் உண்டு என்பது அவர் எண்ணம். வேறு யாராவது கேலி செய்தால், "எங்காத்து சாமான் ஆகாசத்துக்குப் போகப்போறது, தெரியுமா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

சாமான் போவதாகத்தான் இருந்தது. சில நாடுகள் சேர்ந்து ஒரு ராக்கெட்டை அனுப்ப ஏற்பாடு செய்திருந்தன. அது சுற்றுப்பாதைக்கெல்லாம் போகாது. பனி மூடிய ஒரு வடகோடி நாட்டிலிருந்து நேரே மேலே போய், நேரே கீழே விழும். நடுவில் சில நிமிடங்கள் உள்ளே இருக்கும் எதற்கும் எடை இருக்காது. அதில் எங்கள் கண்ணாடிக் குழாய்க்கு ஒரு சின்ன அறை தருவதாக, அந்தத் திட்டத்தை நடத்திய வெளிநாட்டுப் பேராசிரியை எழுதியிருந்தார். ஒரு நிபந்தனை உண்டு. கருவி வேலை செய்யும் என்பதை முதலில் தரையில் காட்ட வேண்டும்.

தரையில் எடையை ஒழிக்க ஒரே வழி, கீழே போடுவது. விழுந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் இருப்பதற்கு, விழுகிற நேரம் மட்டும், எடை கிடையாது. வெளிநாட்டில் இதற்காகவே கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் மாடிப்படி இருந்தது. படிகள் சுற்றிச் சுற்றி ஏற, நடுவில் மேல்மாடியிலிருந்து தரைவரை வெறும் இடம். அடியில் ஹாஸ்டலில் கழித்துக் கட்டிய இலவம்பஞ்சு மெத்தைகளை அடுக்கினோம். காற்று தடுக்காமல் இருக்கப் பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் கண்ணாடிக் குழாய், ஒரு சின்ன விளக்கு, எதிரில் வீடியோ கேமரா. கேமராவும் சேர்ந்தேதான் விழ வேண்டும்.

கல்லூரிக்கு அப்படி ஒரு கேமரா கிடையாது. தி.நகரில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரைப் பிடித்தேன். என் கல்யாணத்துக்கும் அவர்தான் எடுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்னா மேடம் நீங்க? எத்தினி தாலி கட்டு பாத்த கேமரா தெரியுமா இது? இத போய் மாடிலேந்து தள்ளி வுட சொல்றீங்களே!" என்றார். கடைசியில், ஜூம் வேலை செய்யாத பழைய கேமரா ஒன்றைத் தர ஒத்துக்கொண்டார். ஆனால் தான் கூடவே இருப்பேன் என்றார். ஒவ்வொரு முறை பெட்டி விழும்போதும் கண்ணை மூடிக்கொள்வார். விழுந்தவுடன் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறப்பார்.

கிடைத்தது ஒரு நொடியும் கொஞ்சமும். அது போதும். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அடியில் கிடந்த நீலத் தண்ணீர் நான்கு மூலையிலும் ஒரே சமயத்தில் நாலு நூலாக ஏறுவது தெரிந்தது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேசட்டை அனுப்பினோம், இடம் கிடைத்தது.

இதில் கஷ்டம் முழுவதும் சுத்தத்தில்தான். கண்ணாடியில் விரல் பட்டால் போதும், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தண்ணீர் ஏறாது. நான் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டிருந்தேன். கையுறை இல்லாமல் குழாயைத் தொட மாட்டேன், யாரையும் தொட விடமாட்டேன். இதை மாமியாரிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "மடின்னு சொல்லு" என்றார். "ஆமாம்மா, மடிதான்" என்றேன். "என்னைவிட உன் கண்ணாடிக்கு மடி ஜாஸ்தியா இருக்கே" என்றவர் அதற்குப் பிறகு என் ஆராய்ச்சியைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தார்.

ஒரே அளவில் செய்த இரண்டு குழாய்களில் ஒன்று மாடியிலிருந்து போட்டதில் உடைந்து, மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைக் கோபாலபுரத்தில் இருந்த என் பேராசிரியர் தானே கையில் எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவர் கிளம்பும் நாள் கல்லூரிக்கு விடுமுறை. அதனால் முதல்நாள் சாயங்காலமே குழாயைக் கழுவி, உலர்த்தி, சுத்தமான காகிதத்தில் சுற்றி, எவர்சில்வர் சம்படத்தில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். மாமியார் பார்க்க வேண்டும் என்றார். கையுறை போட்டுக்கொண்டு தூக்கிக் காட்டினேன். "வெளிப்பக்கம் மட்டும் யாரும் தொட்டுடப்படாது. கேமரா அது வழியாத்தான் பாக்கும்" என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் பேராசிரியர் வருவதற்குள், லஸ் முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்த வெளிநாட்டம்மாவுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன். கண்ணாடியை முழுமையாகச் சுத்தம் செய்திருக்கிறோம், நீங்கள் மறுபடி கழுவ வேண்டாம், அப்படியே நீரை நிரப்பி மூடிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்தபோது சம்படம் ஸ்வாமி அலமாரிக்கு முன்னால் இருந்தது, மேலே ஒரு முழம் மல்லிகைப்பூ. நன்றாகத்தான் இருந்தது. பூவை எடுத்துவிட்டு, டாக்ஸியில் காத்திருந்த பேராசிரியரிடம் சம்படத்தைக் கொடுத்தேன்.

ராக்கெட் போனது, விழுந்தது. சில வாரங்கள் கழித்து கேசட் வந்தது. அது நம் ஊர் டெக்கில் ஓடாத ரகம். தி.நகர் வீடியோக்காரரிடம் எல்லா நாட்டு கேசட்டும் ஓடுகிற டெக் இருந்ததால் அங்கேயே போய்ப் பார்த்தோம். ஒன்றாம் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை எல்லாம் கணக்குப் போட்ட மாதிரியே ஏறின. நான்காவது மூலையில் தண்ணீர் பாதி ஏறி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்று, இரண்டு பக்கமும் உப்பி, ஏதோ ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. வட்டத்துக்குள் ஒரு சொட்டு இல்லை.

ஒரு மூலை கெட்டால் மற்ற மூன்றையும் யார் நம்புவார்கள்? வெளிநாட்டம்மாவின் ஃபேக்ஸும் அதையேதான் சொன்னது. கண்ணாடியில் அழுக்கு இருந்திருக்கிறது. அது என்ன, எப்படி வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் உங்கள் முடிவுகளைக் கூட்டு அறிக்கையில் சேர்க்க இயலாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். என் டாக்டர் பட்டம் முழுக்க அந்தச் சில நிமிடங்களின் மேல் நின்றுகொண்டிருந்தது. கீறலா, குமிழியா, பசையா என்று பேராசிரியரும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டோம். என்ன தேடியும் காரணம் பிடிபடவில்லை.

மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. ஆகாசத்துக்குப் போனதைப் பார்த்தே தீர வேண்டும் என்று நச்சரித்தார். வீடியோக்காரரிடம் நம் ஊர் டெக்குக்குத் தகுந்த மாதிரி ஒரு பிரதி எடுத்து வந்து போட்டேன். கூடத்தில் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான்காவது மூலை வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாரேன், பிரதட்சிணம் பண்றது!"

"என்னம்மா?"

"நான் வெச்ச பொட்டடி. அதைச் சுத்திண்டு போறது பாரு."

மெதுவாகத்தான் கேட்டேன். மெதுவாகவே சொன்னார், பெருமையாக. "நீ ஃபேக்ஸ் பண்ணப் போயிருந்தயோன்னோ, அப்பத்தான். ஊருக்குப் போற சாமானுக்கு ஒரு பொட்டு வெக்காம எப்படி அனுப்பறது? நீதான் வெளிப்பக்கம் தொடப்படாதுன்னே. அதான் உள்பக்கமா வெச்சேன். ஸ்நானம் பண்ணிட்டு, மடியா, சந்தனம் இழைச்சு. குங்குமம் வெக்கல, செவப்பாத் தெரியுமேன்னு. அப்புறம் ஈரம் இருக்கப்படாதேன்னு மடி வேஷ்டித் துணியால துடைச்சுக்கூட வெச்சேன்."

அவர் பக்கம் ஒரு ஓட்டை இல்லை. எண்ணெய் இல்லை, அழுக்கு இல்லை, வெளிப்பக்கம் தொடவில்லை. சந்தனத்துக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது, கண்ணாடிக்கு அதுவும் ஒரு அழுக்கு என்று அவரிடம் யார் சொன்னார்கள்? அதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான், கண்மண் தெரியாத கோபம். "என்ன காரியம் பண்ணிட்டேள்! என் படிப்பே போச்சு!" என்று கத்தினேன். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். மாமியார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து திரை வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் என் சாமான் எதையும் தொடவில்லை. டிபன் பாக்ஸ் கட்டி மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். கொடியில் காய்ந்த துணிகளில் என்னுடையது மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு வந்த பெண்களை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு தடவை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சந்தனம் எதையும் கெடுக்காது. வேற ஏதாவது இருக்கும்" என்றார்.

பேராசிரியரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "எந்த விரல்?"

"மோதிர விரல், சார்."

"எதால துடைச்சாங்க?"

"மடி வேஷ்டித் துணியால."

"சரி. இதை வெறுமனே எழுதினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. புதுக் குழாய் ஒண்ணு பண்ணுவோம். அதே சந்தனம், அதே விரல், அதே துணி. மேலேந்து போட்டுப் பார்ப்போம். தண்ணி அதே மாதிரி நின்னா நீ பிழைச்சே." அவர் சிரிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மாமியாரிடம் கேட்டேன். ஒரு தடவை கல்லூரிக்கு வர முடியுமா, அன்றைக்கு வைத்த மாதிரியே வைத்துக்காட்ட முடியுமா என்று. "என் கையாலயா?" என்றார். யோசித்துவிட்டு, "வரேன். சந்தனத்தால இல்லேன்னு தெரிஞ்சுபோயிடும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வருவது தன்மேல் தப்பில்லை என்று காட்ட. நான் கூட்டிப்போவது தப்பு அவருடையதுதான் என்று காட்ட. அவர் ஜெயித்தால் நான் தோற்றேன். வழியெல்லாம் ஆட்டோவில், மடியில் சந்தனக்கல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், நான் ஒரு பக்கம்.

ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்புத் தண்ணீரை விட்டுச் சந்தனம் இழைத்தார். அலைகாட்டிக்கும் பம்புக்கும் நடுவில் சந்தன வாசனை அடித்தது. நான்காவது மூலையை நான் காட்ட, மோதிர விரலை உள்ளே விட்டுப் பொட்டு வைத்தார், கொஞ்சம் காயவிட்டுத் துடைத்தார். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பெட்டி விழுந்தது. வீடியோக்காரர் வழக்கம்போல் கண்ணை மூடித் திறந்து, ஓடினார். கேமராவை டிவியில் மாட்டி மெதுவாக ஓட்டினோம். மூன்று மூலையில் தண்ணீர் ஏறியது. நான்காவதில் நின்றது. நின்று, உப்பி, அந்த வட்டத்தைச் சுற்ற ஆரம்பிக்கும்போது நொடி முடிந்துபோனது.

"அதே தான் மேடம்! அப்டியே கீது!" என்று வீடியோக்காரர் கூவினார். பேராசிரியர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பட்டம் பிழைத்தது, ராக்கெட்டின் சில நிமிடங்கள் பிழைத்தன. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

மாமியார் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். மோதிர விரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"அப்ப நான்தான்" என்றார்.

என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதுவரை அவருக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் மாடியிலிருந்து போட்டு உடைத்திருக்கிறேன். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லம்மா" என்று எப்படிச் சொல்வேன்? அவர்தான் என்று சற்று முன்தான் நிரூபித்திருந்தேன்.

"கழுவினாப் போயிடுமா?" என்று கேட்டார்.

"போயிடும்மா."

"அப்படின்னா கழுவு. மறுபடியும் போடு. பாத்துட்டுத்தான் நான் ஆத்துக்கு வருவேன்."

அதை மறுநாள் செய்வதாகத் திட்டம். வீடியோக்காரருக்கு அன்று சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மாமியார் முகத்தைப் பார்த்தார். "போடுங்க மேடம். பொண்ணுக்கு மேக்கப் முடியறதுக்கே லேட்டாவும்" என்றார். குழாயை நான் கழுவினேன். ஒவ்வொரு கழுவலையும் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். உலர்த்தி, நிரப்பி, மேலேற்றிப் போட்டோம். இந்த முறை அவர் டிவிக்கு மிகவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான்கு மூலையிலும் நீலம் ஏறியது.

"ஏறித்து" என்றார். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது, பட்டினப்பாக்கம் தாண்டி, "துணிய எடுக்கல, மழை வராப்ல இருக்கு" என்றார். என் புடவையும் கொடியில் கிடந்தது.

எங்கள் முடிவுகள் கூட்டு அறிக்கையில் வந்தன. நான்காவது மூலைக்கு மட்டும் ஒரு அடிக்குறிப்பு. தாவர மூலம் கொண்ட மெல்லிய படலம் ஒன்று ஈரம் பரவுவதைத் தடுத்தது என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் எழுதினார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது, "அதுக்குச் சந்தனம்னு ஒரு பேர் இருக்கே, அதைப் போடப்படாதோ?" என்று மாமியார் கேட்டார். பழைய கேலி திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் என் சாமான்களைத் தொடும்போது மட்டும் ஒரு கணம் தயங்குவார். அது போகவில்லை.

மேலே போய்வந்த கண்ணாடிக் குழாயைப் பிறகு எங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்குக் கூடத்தில் தம்புரா, பாட்டுப் புத்தகங்கள், மாமனாரின் பேனா, என் ஆய்வேடு எல்லாம் அடுக்கி, அதன் பக்கத்தில் குழாயையும் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மாமியார் குழாயிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். ஒரு பூவை எடுத்து, படாமல், தள்ளி வைத்தார்.

"இது இனிமே எங்கயும் போகாதும்மா. வையுங்கோ" என்று குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெறும் கையால்தான் கொடுத்தேன்.

வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, விளிம்பில் கீறியிருந்த எண்ணைத் தேடினார். மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்து, உள்ளே விட்டு, அதே நான்காவது மூலையில் வைத்தார். இந்தத் தடவை துடைக்கவில்லை.